அட்டையில் ஒரு 'ளி'

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்களுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. ஆண்டு மலரின் முன்னட்டையில் ஓர் அங்குலம் சும்மா கிடந்தால் போதும், நிர்வாகக் குழுவில் யாருக்காவது கை அரிக்கும். "இங்க ஏன் காலியா வுட்டு வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஒரு கேள்விக்கு வருடா வருடம் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் பிழைப்புக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைப் பெட்டிகளை வடிவமைக்கிறேன். அங்கே எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. மூலையில் ஒரு பிள்ளையார் வைத்தால் நன்றாக இருக்குமே என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அந்தச் சுகத்தில் இருந்தவள், கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த சில வருடங்களில், ஒரு பொங்கல் விழாவில் "எனக்கு டிசைன் தெரியும்" என்று வாயை விட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றைக்கு என் தலையில் விழுந்த மலர் வேலை இன்னும் இறங்கவில்லை.

ஒரு முன்னட்டைக்கு வேண்டியது அதிகமில்லை. மேலே பத்திரிகையின் பெயர், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி. நடுவில் ஒரு படம். ஒன்றே ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசை காட்ட இரண்டு மூன்று தலைப்புகள், அதில் ஒன்று பெரிதாக. ஆண்டு, ஓரத்தில் அடக்கமாக. மிச்சம் இருப்பது கண் இளைப்பாறும் இடம். இதைச் சொன்னால் எங்கள் தலைவர் தலையை நன்றாக ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும், "அச்சா, அது கரெக்ட்டு. ஆனா இந்த மூலைல தோடா, கொஞ்சமா எதனா போடலாமே," என்பார்.

தலைவர் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இன்னும் ஊரைப் பூனா என்றுதான் சொல்வார். தங்கமான மனிதர். ஆஸ்பத்திரி, சாவு, பள்ளிக்கூட அட்மிஷன் எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அட்டை விஷயத்தில் மட்டும் அவரைப் போல என் ரத்தக்கொதிப்பை ஏற்றியவர்கள் கிடையாது. ஒரு வருடம் கோபுரமும் சனிவார் வாடாவின் கோட்டைக் கதவும் ஒன்றாக வேண்டும் என்றார். அடுத்த வருடம் அவற்றோடு ஒரு கணபதி, ஒரு காளை, இரண்டு கரும்பு. அதற்கடுத்த வருடம் நிர்வாகக் குழு முழுவதும் தபால்தலை அளவில் கீழே வரிசையாக வந்து உட்கார்ந்தது. அந்த மலரை ஆபீஸுக்கு எடுத்துப் போனபோது கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். எனக்கு மானம் போனது.

ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்திய மலரில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். காரணம் என் மகள்.

அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே புனேயில், விஷ்ராந்த்வாடியில். பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இந்தியில் பதில் சொல்வாள். எட்டு வயதில் ஆரம்பித்த பழக்கம் அது. அவள் அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "புரியுதுல்லா, விடு," என்பார். எனக்குத்தான் தொண்டையில் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் நாத்தனார்கள் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஊர்ப் பக்கம் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அப்படிப்பட்டவள், கல்லூரி இரண்டாம் வருடத்தில், யாரும் சொல்லாமல் தானாகத் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்தாள். போனைப் பார்த்துப் படித்தாள். பால் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் தமிழில் எழுதிப் பார்த்தாள். ஒரு மழை நாளில் நனைந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, பஸ் ரொம்ப லேட். நான் கோபம் ஆச்சு," என்றாள்.

எனக்கு அப்படியே பூரித்துப்போனது. பூரிப்பில் என்ன செய்தேன் என்றால், "ஏட்டி, 'நான் கோபம் ஆச்சு' இல்ல. 'எனக்குக் கோபம் வந்துச்சு'," என்றேன்.

அவள் திருப்பிச் சொன்னாள். மறுநாள் இன்னொரு வாக்கியம், இன்னொரு திருத்தம். திருத்தினால்தானே வரும் என்று நினைத்தேன். எப்படியோ, அந்த மழைக்காலத்திலிருந்து அவள் எனக்குத் தமிழில்தான் பதில் சொன்னாள். ஒருமுறைகூட இந்திக்குத் தாவவில்லை. நான் இதை யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

பிறகு ஒருநாள், மலருக்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுதியிருப்பதாகச் சொன்னாள். கையால் எழுதி, வங்கியில் வேலை பார்க்கும் மலர் ஆசிரியரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "புக்ல வந்ததுக்கு அப்புறம்தான் நீ படிக்கணும். ப்ராமிஸ் பண்ணு," என்றாள். பண்ணினேன். போகிற போக்கில் கேட்பது போல, "கவர்ல என் டைட்டில் வருமா?" என்றாள்.

"வரும். அதுதான் பெருசா வரும்," என்றேன். சொல்லிவிட்டேன், இனி சங்கமே தலைகீழாக நின்றாலும் அந்த வரியை அட்டையிலிருந்து யாரும் அசைக்கக் கூடாது. எனக்கு அந்த மலரில் இருந்த ஒரே வேலை அதுதான்.

ஆசிரியர் உள்ளடக்கப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார். ஆறாவது வரியில் அவள் பெயர், பக்கத்தில் தலைப்பு: பூரண போலி.

பார்த்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இத்தனை மாதம் படித்தும் 'ல'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே! தின்கிற போளியைப் போலி ஆக்கி வைத்திருக்கிறாளே! ஆசிரியராவது பார்த்திருக்க வேண்டாமா? அப்படியே அட்டையில் போயிருந்தால் அன்றைக்குக் கல்யாணத்தில் சிரித்தார்களே, அதே சிரிப்பு இங்கேயும் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். அவளிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்டால் முகம் வாடிவிடும், எழுதும் ஆசையே போய்விடும். தாயாகப்பட்டவள் எதற்கு இருக்கிறாள்? சத்தம் காட்டாமல் 'லி'யை எடுத்துவிட்டு 'ளி'யை வைத்தேன். பெரிய எழுத்தில் 'பூரண போளி' பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

குழுக் கூட்டம் கட்கியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. நான் கொண்டுபோன அட்டையில் ஒரே ஒரு படம். லோக்கல் ரயிலின் ஜன்னல் கம்பியில் மாட்டிய ஒரு டிபன் பை, வெளியே மங்கலாகத் தேஹு ரோடு பிளாட்பாரம். மேலே பத்திரிகையின் பெயர், இடது பக்கம் அவள் தலைப்பு, கீழே இன்னும் இரண்டு தலைப்புகள் சின்னதாக. வலது பக்கம் முழுவதும் வானம்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "படம் சூப்பரா கீதும்மா. நம்ம ஸ்டேஷன். ஆனா இந்தப் பக்கம் புல்லா காலியாக் கீதே?"

"அது வானம் அண்ணே."

"வானம்னா? அதுல எதனா போடலாமே. ஒரு கணபதி, இல்லன்னா நம்ம ஸ்பான்சருங்க லோகோ."

வானத்தில் கணபதி பறக்க மாட்டார் என்றேன். லோகோக்கள் பின்னட்டைக்குப் போகட்டும் என்றேன். குழுவின் படம் உள்ளே முதல் பக்கத்தில், முழுப் பக்கத்தில், கலரில் என்றேன். ஒவ்வொன்றாக அவரை நகர்த்துவதற்குள் இரண்டு தரம் டீ வந்து போனது. கடைசியில் அவர் பார்வை இடது பக்கம் போனது. "இந்தத் தலைப்பு ஏன் இம்மாம் பெருசு? கொஞ்சம் கம்மி பண்ணா இங்கயும் எடம் கெடைக்கும்ல?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, அது மட்டும் முடியாது," என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்துவிட்டது.

அப்போது ஒருவர், 'பூரண'வுக்கும் 'போளி'க்கும் நடுவில் 'ப்' வர வேண்டும் என்றார். பூரண கும்பத்துக்கு யார் 'க்' போடுகிறார்கள் என்று இன்னொருவர் கேட்டார். தமிழ் இலக்கணம் எதுவரை போகுமோ அதுவரை போனார்கள். முக்கால் மணி நேரம். அத்தனை பேரும் நான் மாற்றி வைத்த 'ளி'யைத் தாண்டித் தாண்டித்தான் அந்த இல்லாத 'ப்'புக்குச் சண்டை போட்டார்கள். மலர் ஆசிரியர் மட்டும் அன்று வரவில்லை, வங்கியில் ஆடிட்.

சண்டை ஓய்ந்ததும் தலைவருக்கு ஞானோதயம் வந்தது. "போளின்னு பெருசா போட்டுட்டு போளி படம் இல்லன்னா எப்படி? நல்லா நெய் வுட்டு, ரெண்டா மடிச்சு, தட்டுல. லேடீஸ் எல்லாம் பார்த்த ஒடனே எடுப்பாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் தேடி ஒரு போளி படத்தை எனக்கு அனுப்பியும் விட்டார். ரயில் ஜன்னலுக்குப் பக்கத்தில் போளித் தட்டு! எனக்கு அழுகையே வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போளியை ஏற்றுக்கொண்டால் தலைப்பின் அளவில் கை வைக்க மாட்டார். சரி என்றேன். வானத்தில் நெய் சொட்டச் சொட்ட ஒரு போளி வந்து இறங்கியது. இருந்தாலும் மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அச்சகம் போபோடியில். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் சேர்ப்பவர் ஒரு மராத்திக்காரர்; தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எழுத்துகளைப் படம் பார்ப்பது போல ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தே வேலை செய்வார். அட்டையின் கடைசிப் பிரதியைப் பார்க்கப் போனபோது அவர் உள்பக்கம் ஒன்றையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்துக் காட்டினார்.

"மேடம், அந்தர் அலக் ஹை, கவர் பே அலக் ஹை," என்றார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே 'லி'யாகவே இருந்தது. ஆசிரியர் திருத்தவே இல்லை! உள்பக்கங்கள் எல்லாம் அச்சாகி அடுக்கி வைத்தாயிற்று. அட்டையில் இருப்பதுதான் சரி, உள்ளே இருப்பது தப்பு, அப்படியே போகட்டும் என்று இந்தியில் சொல்லிவிட்டு ஆசிரியரை மனதுக்குள் வைதுகொண்டு வெளியே வந்தேன். அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு வரி கண்ணில் பட்டிருந்தால் போதும். வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று அவசரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

பொங்கலை ஒட்டி நடந்த வெளியீட்டு விழாவுக்கு அவள் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மேடையில் மலரை வெளியிட்டதும் கீழே எல்லோர் கைக்கும் பிரதி வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்தாள். தன் தலைப்பைப் பார்த்தாள், பக்கத்தில் போளியைப் பார்த்தாள். விரலை அந்தக் கடைசி எழுத்தின் மேல் வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் நினைத்தேன், அவ்வளவு மண்டு நான்.

அதற்குள் இரண்டு மாமிகள் வந்துவிட்டார்கள். "நீதான் போளி ரெசிபி எழுதினியாம்மா? சமத்து! மைதாவா, கோதுமையா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, பூரணம் வெளியே வராமல் இருக்க என்ன செய்வாய் என்றாள். என் மகள் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, "ரெசிபி இல்ல ஆன்ட்டி," என்றாள். அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆசிரியர் என் பக்கம் வந்தார். "கட்டுரை பிரமாதம். ஆனா கவர்ல ஏன் மேடம் 'ளி' போட்டீங்க? அந்தச் சிலேடையே போச்சே. வாட்ஸப்ல கவர் வந்தப்பவே பார்த்தேன். அம்மாவே போட்டிருக்காங்க, ரெண்டு பேரும் பேசித்தான் செஞ்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்," என்றார்.

மலரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வெளியே படிக்கட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரே பக்கம்தான்.

"ஊரில் என்னை இந்திக்காரி என்று சொல்கிறார்கள். காலேஜில் என்னை மதராசி என்று சொல்கிறார்கள். அதனால் நான் பூரண போலி. எங்கள் அம்மா செய்யும் பூரண போளியும் என்னைப் போல. கோதுமை மாவு இந்த ஊர். தேங்காய் அந்த ஊர். இரண்டு ஊர்க்காரர்களும் இது போளியே இல்லை என்பார்கள். ஆனால் நான் நாலு சாப்பிடுவேன்."

'லி'யும் 'ளி'யும் அடுத்தடுத்த வரியில், வேண்டுமென்றே, துளிப் பிசகில்லாமல் நின்றன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மராத்தி படித்தவளுக்கு 'ள' எப்படித் தவறும்? காளா என்றால் கறுப்பு, நிளா என்றால் நீலம் என்று பேச ஆரம்பித்த நாளிலிருந்து நாக்கை மடித்தவள். எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற ஆளந்தி ரோட்டிலேயே ஒரு 'ள' இருக்கிறது. அவளுக்கு வராதது 'ழ' ஒன்றுதான். ல-ள தகராறெல்லாம் பேச்சில் எனக்கு வருவது. என் குறையை எடுத்து அவள் மேல் ஒட்டி, அதையும் அத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். கணபதியைப் போடச் சொன்ன தலைவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

கடைசிப் பத்தி சின்னது. "நான் தமிழ் பேசினால் அம்மா உடனே திருத்துவாள். நான் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் எழுதினேன். எழுதினால் யாரும் நடுவில் திருத்த முடியாது."

அந்த வரியை எத்தனை தரம் படித்தேனோ தெரியாது. உள்ளே தலைவர் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையைப் பற்றிச் சொல்லும்போது என் பெயரைச் சொன்னார், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் பின்னால், மடியில் ஐந்து பிரதிகளோடு. என்ன சொல்வது என்று வழி நெடுக வார்த்தையைத் தேடிக்கொண்டு வந்தேன். சிக்னலில் வண்டி நின்றது.

"படிச்சேன்டி," என்றேன். "நான் உன்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம மாத்திட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவள் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஜானே தோ, மா," என்றாள். "ஜோ ஹோ கயா, ஸோ ஹோ கயா."

போனது போகட்டும் என்கிறாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் இந்தி. சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியது. அவள் இந்தியில் திருத்துவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.